சித்தி நின்ற கடை

ஆஃப்டர்கேர் என்ற சொல்லைக் கேட்டால் உங்களுக்கு என்ன வாசனை வருகிறது? எனக்கு பிளீச் போட்டுத் துடைத்த தரையும், ஆறிப்போன பீட்ஸாவும், யாரோ மறந்துவிட்டுப் போன ஈர ஸ்வெட்டரும் கலந்த ஒரு வாசனை. நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் நாம் சேர்ந்து படித்த பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில், பள்ளி விட்டதும் பெற்றோர் வேலையிலிருந்து வரும்வரை, மற்ற மேசைகளையெல்லாம் மடக்கிவிட்டு ஒரே ஒரு நீள மேசையில் நம்மை உட்காரவைப்பார்கள். ஐந்தரைக்கெல்லாம் உங்களில் முக்கால்வாசிப் பேர் போய்விடுவீர்கள். கடைசியில் மிஞ்சுவது நான். நம்மைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி கோட்டை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

அம்மாவின் கார் விளக்கு கண்ணாடிக் கதவில் விழும்போது ஆறு மணி தாண்டியிருக்கும். அம்மா மூச்சு வாங்க ஓடிவந்து அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்பாள். பிறகு காரில் என்னிடம் கேட்பாள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினோரு வயதில் நான் செய்த ஒரு காரியத்துக்கு இந்த ஆஃப்டர்கேரைத்தான் இத்தனை வருடமாகச் சாக்காக வைத்திருக்கிறேன். முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டோம். முடிக்குச் சாயம் பூச ஆரம்பித்துவிட்ட நமக்குள் இனி என்ன ஒளிவுமறைவு? சாக்கு செல்லாது என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருடக் கோடை. எங்களுக்கு கிரீன் கார்டு வந்த கையோடு, அம்மா தன் தங்கையைப் பார்க்கக் கிளம்பினாள். சித்தி அயர்லாந்தில் இருந்தாள். சித்தப்பாவுக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை. அப்பா வரவில்லை. அவர் ஆபீசில் வாரத்துக்கு இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லீவு கேட்டால், இவன் இல்லாமலே வேலை நடக்கிறதே என்று அவர்களுக்குத் தோன்றிவிடும் என்று அப்பாவுக்குப் பயம்.

பெட்டி கட்டியதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலும் அதே கூத்துதான் நடந்திருக்கும். குளியலறை எடைமெஷினில் அம்மா முதலில் தனியாக ஏறுவாள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். கழித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. சாம்பார்ப் பொடி, வடகம், புளி, குக்கர் காஸ்கட் மூன்று. அந்த ஊரில் ஒன்றும் கிடைக்காது, பாவம், என் தங்கச்சி காய்ந்துபோயிருப்பாள் என்று சொல்லிச் சொல்லியே அம்மா அடைத்தாள். அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு அயர்லாந்தில் இருக்கும் தங்கை பாவம். திருச்சியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அப்படித்தான். சித்தப்பா அமெரிக்காவுக்கான பரீட்சைகளை எழுதி முடித்துவிட்டார், விண்ணப்பம் மட்டும் போடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் மனக்குறை. இந்தப் பயணத்தில் அவரைக் கிளப்பிவிட்டுத்தான் வருவது என்று அம்மா அப்பாவிடம் சபதம் போட்டிருந்தாள்.

விமானத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். சித்தி நியூ ஜெர்சி வந்துவிட்டால் நீ ஆஃப்டர்கேர் போக வேண்டாம், ஸ்கூல் பஸ்ஸில் இறங்கி நேராகச் சித்தி வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். அம்மா சும்மா சொன்னதுதான். நான் அதைச் சும்மா கேட்கவில்லை.

சித்தி இருந்தது ஊர் என்று சொல்வதற்குக்கூட யோசிக்க வேண்டிய ஊர். மேற்குக் கரைப் பக்கம், ஒரே தெரு. ஒரு சர்ச், மூன்று மதுக்கடை, ஒரு கடை. தெரு முடிந்ததும் வயல்கள். வயலுக்கு வயல் காரை பூசாமல் அடுக்கிய கல் சுவர். சுவரின் ஓட்டை வழியே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். ஆடுகளின் முதுகில் நீலமும் சிவப்புமாகச் சாயம் அடித்திருப்பார்கள், யார் ஆடு என்று தெரிவதற்கு. வேலியோரமெல்லாம் கம்மல் போலத் தொங்கும் சிவப்புப் பூக்கள். சேற்று நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரியைத்தான் அடுப்பில் போடுவார்கள். அந்தப் புகை எங்கள் தலைமுடியில், ஸ்வெட்டரில், கொண்டுபோன வடகத்தில்கூட ஏறிவிட்டது. மழை பெய்கிறது என்று சொல்ல முடியாது. காற்றிலேயே ஈரம் நின்றுகொண்டிருக்கும்.

எதிரே வரும் கார்க்காரர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்கள். யாராக இருந்தாலும். எனக்கு அது பெரிய அதிசயம். நம் தெருவில் ஐந்து வருடம் குடியிருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, இங்க மனுஷன் இருப்பானா என்று சித்தியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். சித்தி சிரித்துக்கொண்டே டீ கொண்டுவந்து கொடுப்பாள்.

சித்திக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எம்.காம். படித்தவள். பாங்க் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது டாக்டர் மாப்பிள்ளை வந்து, படிப்பு புத்தகத்தோடு நின்றது. அவளிடம் ஒரு பழைய பச்சை சைக்கிள் இருந்தது. முன்னால் கூடை வைத்தது. தினமும் காலையில் அரை நாள் அதில் காணாமல் போய்விடுவாள். உடம்பு குறைக்க என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு ஜெட் லாக். பதினோரு மணிக்குத்தான் எழுந்திருப்பாள்.

மூன்றாம் நாள் மாடு கத்தி எனக்குச் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. கீழே போனால் சித்தி சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறாள். நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சத்தம் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள். சித்தி மாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பின்சீட்டைத் தட்டினாள்.

அவள் போன இடம் அந்த ஊரின் ஒரே கடை. கதவைத் தள்ளினால் மேலே ஒரு மணி அடிக்கும். ரொட்டியும் பாலும் செய்தித்தாளும் ரப்பர் பூட்ஸும் ஆட்டுக்கு மருந்தும் ஒரே அறையில் இருந்தன. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி ஜாடிகளில் கலர் கலராக மிட்டாய். ஓரத்தில், சுழலும் வட்டக் கத்தி வைத்த ஸ்லைசர். சித்தி ஆணியில் தொங்கிய நீல மேல்கோட்டை எடுத்து சல்வாருக்கு மேலே மாட்டிக்கொண்டு, பின்னலைச் சுருட்டி வலைத்தொப்பிக்குள் செருகி, கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

எனக்கு ஆச்சரியம் அவள் வேலை பார்ப்பதில் இல்லை. சித்தியின் குரல் மாறிவிட்டது. வீட்டில் அம்மாவிடம் மெதுவாகப் பேசுகிறவள், இங்கே வாசலில் நிற்பவருக்குக் கேட்கும்படி பேசினாள். வருகிறவர்கள் எல்லோருடைய பசு, இடுப்பு வலி, பேரப்பிள்ளை எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. யூரோ வந்து அரை வருடம்தான் ஆகியிருந்தது. கிழவர்கள் உள்ளங்கையைத் திறந்து அப்படியே அவளிடம் நீட்டுவார்கள். அவள் வேண்டிய நாணயத்தைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை மூடிவிடுவாள். ஒருவர்கூடக் குனிந்து எண்ணிப் பார்க்கவில்லை.

கடைக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு முழங்காலும் போய்விட்டது. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். சித்திக்கு வேலை அனுமதிக்கு விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொடுத்ததே அவள்தான்.

பத்து மணிக்கு ரோடு போடுகிற ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு ரொட்டிக்குள் பன்றிக்கறி வைத்துக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தை நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். கடைக்கார அம்மாள் கைத்தடியை ஊன்றி எழுந்தாள். இது உனக்குச் சேராது, நான் வெட்டுகிறேன், நீ ரொட்டியைப் பார் என்றாள். சித்தி சிரித்துக்கொண்டே அவள் தோளைப் பிடித்துத் திரும்ப உட்காரவைத்தாள். நீங்கள் எழுந்து வருவதற்குள் இவர்கள் ரோடே போட்டு முடித்துவிடுவார்கள் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சித்தி கையுறையைப் போட்டுக்கொண்டு, மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்து நிறுத்தி, கறியை வைத்துத் தள்ளினாள். தாள் தாளாக விழுந்தது. மறுபக்கத்து வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசு.

திருச்சியில் எங்கள் வீடு முட்டைகூட உள்ளே வராத வீடு. அதனால் நான் கண்ணை விரித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் போனதும் சித்தி என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாதடி, குட்டி. தெரிஞ்சா ஊரையே கூட்டிருவா."

"யூ டோன்ட் ஈட் இட், ரைட்?"

"சீ. வெட்டறதோட சரி. இவங்க வேணாம்னுதான் சொல்றாங்க. நாந்தான் கத்துக்கிட்டேன்."

அன்றைக்கு எனக்கு ஒரு காகிதப் பை நிறைய மிட்டாய் கிடைத்தது. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அப்போது நிஜமாகவே சொல்லும் எண்ணம் இல்லை.

அடுத்து நான்கு காலைகள் போனேன். விலைச்சீட்டு ஒட்டும் துப்பாக்கியை எனக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு டப்பாவாக டக், டக் என்று அடிப்பேன். நம் குழந்தைப் பருவத்தில் நான் எதையாவது உருப்படியாகச் செய்தேன் என்றால் அது அந்த நான்கு நாட்கள்தான்.

கடைக்குப் போன ஐந்தாம் நாள், வீடு திரும்பும்போது சித்தி சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தாள். ஏதோ சொல்ல வேண்டும், சொல்ல வேறு ஆள் இல்லை என்பது போல இருந்தது. வருகிற ஜனவரியிலிருந்து கடையை அவளே நடத்தப்போகிறாள் என்றாள். கடைக்கார அம்மாள் மேலே மாடியில் இருந்துகொள்வாள். கடை சித்தி பொறுப்பு. பலகையில் பழைய பெயரே இருக்கட்டும், ஆனால் ஜன்னலோரத் தட்டு மட்டும் நம்முடையது, துவரம்பருப்பு, பெருங்காயம், ஊறுகாய் எல்லாம் வைக்கப்போகிறேன் என்றாள். இந்த ஊரில் யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். சித்தப்பா ஆஸ்பத்திரியில் மலையாளி நர்ஸ்கள் பதினைந்து பேர் இருக்கிறார்கள், அவர்கள் காரை எடுத்துக்கொண்டு வருவார்கள் என்றாள். அதுவும் யோசித்து வைத்திருந்தாள். சித்தப்பாவுக்கும் சம்மதம். அவருக்கும் இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

நான் கேட்டேன், அப்போது நியூ ஜெர்சிக்கு?

"வரலடி. உங்கம்மாட்ட மெதுவா சொல்லிக்கலாம்."

அந்தச் சிவப்புப் பூவில் ஒன்றைப் பறித்து என் காதில் தொங்கவிட்டாள். எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடம் தெரிந்தது. மடக்காத ஒரே மேசையும், கோட்டு மாட்டிய பெண்மணியும்.

சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சித்தி கீழே சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சித்தப்பா டியூட்டி முடிந்து ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் போனேன்.

சித்தி ஒரு கடையில் வேலை பார்க்கிறாள் என்றேன். அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. அங்கே பன்றிக்கறி வெட்டுகிறாள் என்றேன். அம்மா நிறுத்தினாள். அத்தோடு நான் விட்டிருந்தால் அது கோள் சொன்னதோடு போயிருக்கும். அக்காவும் தங்கையும் சண்டை போட்டு, அழுது, சித்தி எப்படியாவது சமாளித்திருப்பாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம்தான் இருந்தது. கோபம் போதாது என்று எனக்குத் தெரிந்தது. பதினோரு வயதில் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அம்மாவைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியாதது எது?

"சித்திக்குப் பிடிக்கலைம்மா. அந்த லேடி ஃபோர்ஸ் பண்றாங்க. சித்தி அழுதாங்க."

சொல்லும்போது நானும் அழுதேன். அது வரவழைத்த அழுகை இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அம்மா சித்தியை மாடிக்குக் கூப்பிட்டாள். சித்தி கையில் மாவோடு வந்தாள். பின்னாலேயே சித்தப்பாவும் வந்து வாசற்படியில் நின்றார். நான் கட்டில் மூலையில் இருந்தேன். அம்மா கத்தவில்லை.

"அந்தக் கடைக்காரி உன்னைக் கறி வெட்ட வெக்கிறாளாமே. நீ அழுதியாமே. இவ சொல்றா. நிசமாடி?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் அவள் விரல்களில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தேன். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி அவர் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆமாங்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். மாவு காய்ந்துபோகும் என்று கீழே போய்விட்டாள்.

அம்மா அன்று மாலையே காலிங் கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திருச்சியில் எல்லோரும் படுத்திருப்பார்கள். இருந்தும் தன் அப்பாவை எழுப்பினாள், பிறகு சித்தப்பாவின் அப்பாவை எழுப்பினாள். டாக்டர் வீட்டு மருமகள் கடையில் நின்று கறி வெட்டுகிறாள் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்துபோயிற்று. சித்தப்பாவை போனுக்குக் கூப்பிட்டார்கள். சரிப்பா, சரிப்பா என்று அவர் சொன்னது எண்ணிக்கையில் அடங்காது. அந்த வருடமே அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போடுவதாக ஒத்துக்கொண்டார்.

காலையில் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். சித்தி போக வேண்டாம் என்று கெஞ்சினாள். நீ சும்மா இரு, உனக்கு வாய் இல்லை, எனக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மழைத்தூறலில் நடந்தாள். சித்தி சைக்கிள் இல்லாமல் பின்னால் வந்தாள். மணி அடித்தது. கடையில் இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். அம்மா தன் ஆபீஸ் ஆங்கிலத்தில், நிதானமாக, ஒரு தப்பும் இல்லாமல் பேசினாள். என் தங்கை ஒரு டாக்டரின் மனைவி, படித்தவள், நாங்கள் மாமிசத்தைத் தொடாதவர்கள், அவள் சாது என்பதால் நீங்கள் அவளைக் கட்டாயப்படுத்தியிருக்கிறீர்கள், இது அநியாயம் என்றாள்.

கடைக்கார அம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று கேட்டாள். எழுவதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது. அவள் சித்தியைப் பார்த்தாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முதல் நாள் நான் அதே இடத்தில் நின்றுதான் எல்லாவற்றையும் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியும். இந்தக் குழந்தையைக் கேளுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என் அம்மாவிடம் அவள், உங்கள் தங்கைக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாள்.

இன்னும் இருக்கிறது. நாங்கள் கதவுவரை வந்துவிட்டோம். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து, என் கையில் ஒரு காகிதப் பையைக் கொடுத்தாள். நான் எப்போதும் கேட்கும் அதே சிவப்பு மிட்டாய். டக், டக் அடித்ததற்குக் கூலி என்றாள். அம்மா வாங்காதே என்று தமிழில் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டேன். விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஒன்றைக்கூட வாயில் போட முடியவில்லை.

சித்தியும் சித்தப்பாவும் இரண்டு வருடம் கழித்து வந்தார்கள். சித்தப்பாவுக்கு நியூ ஜெர்சியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. நம் வளாகத்திலேயே, நாலு கட்டிடம் தள்ளி அபார்ட்மென்ட். அம்மா அவர்களுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்தி வந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. நடந்து போக ஓர் இடமும் கிடையாது. நம் ஊரில் எதிர்க்கடைக்குப் போவதற்கே ஆறு லேன் ரோட்டைத் தாண்ட வேண்டும். நடைபாதை பாதியில் நின்றுபோகும். சித்தப்பா முப்பது மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்குவார். சித்தி பால்கனியில் நின்று பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காரில் போகிறவர்கள் யாரும் விரலை உயர்த்தவில்லை.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. மிடில் ஸ்கூல். ஆஃப்டர்கேர் அதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்துவிட்டது. கழுத்தில் வீட்டுச் சாவி தொங்கியது. பள்ளி முடிந்து கிளாரினெட் பயிற்சி, பிறகு உங்களில் யாராவது ஒருத்தி வீடு. எதற்காகச் சித்தியை அந்த ஊரிலிருந்து பெயர்த்தேனோ அது எனக்குத் தேவைப்படவே இல்லை. அவள் மூன்று மணிக்கு எனக்காக தோசைக்கல்லைப் போட்டு வைத்திருப்பாள். ஐந்து மணிக்கு நான் போய், ஐ ஆல்ரெடி ஏட், சித்தி என்பேன். அவள் கல்லை இறக்கிவைப்பாள். இப்படி எத்தனை நாள் என்று எண்ண எனக்குத் தைரியமில்லை.

அன்று சித்தி சொன்ன 'ஆமாம்' என் மனசுக்கு வசதியாக இருந்தது. அவளுக்கும் உள்ளுக்குள் அமெரிக்கா வர ஆசை இருந்திருக்கிறது, அதனால்தான் ஆமாம் என்றாள் என்று நான் வைத்துக்கொண்டேன். நான் சொன்ன பொய் அவளுக்கு உதவிதான் செய்தது என்றுகூட ஒரு கட்டத்தில் நம்பினேன்.

இரண்டாயிரத்து ஆறில், ஒரு சனிக்கிழமை, அம்மா எங்களை சூப்பர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுப் போனாள். சித்திக்கு சாண்ட்விச்சுக்கு சீஸ் வேண்டும். கறியும் சீஸும் வெட்டிக் கொடுக்கும் டெலி கவுன்டரில் வரிசை. உள்ளே ஒரு பையன் ஸ்லைசரில் சீஸ் வெட்டிக்கொண்டிருந்தான். புதியவன் போல. கட்டை கட்டையாக விழுந்தது. சித்தி கண்ணாடிமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை தானாகவே முன்னும் பின்னும் போய்வந்தது. அவன் தள்ளும்போதெல்லாம் அவள் கையும் தள்ளியது. சித்தி ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினாள்.

வரிசையை விட்டு நான் வெளியே வந்துவிட்டேன். சித்தி என்னைத் தேடிக்கொண்டு வாசல் பெஞ்சுக்கு வந்தாள். அம்மா கார் வரும் வரைக்கும் நேரம் இருந்தது. கேட்டேன், அன்றைக்கு ஏன் ஆமாம் என்று சொன்னாய் என்று. அவள் கொஞ்சம் யோசித்தாள். மறந்துபோனதை ஞாபகப்படுத்துவது போல இல்லை. சொல்லலாமா என்று யோசிப்பது போலத்தான் இருந்தது.

"இல்லைன்னு சொன்னா உன்னைப் பொய் சொன்னவளா ஆக்கணும். உங்கம்மா கைக்கு எது கிடைச்சாலும் எடுத்து அடிப்பா. நீ அழுதுக்கிட்டு மூலையில உக்காந்திருந்த."

"தட்ஸ் ஆல்?"

"வேற என்ன? ஒரு அறைதான்னு விட்டிருக்கலாம். அப்ப தோணலை. சின்னப்புள்ள, எதுக்கோ பயந்துக்கிட்டு சொல்லுதுன்னு நெனச்சேன்."

நாங்கள் கிளம்பின மறுநாள் அவள் கடைக்குப் போனாளாம். கடைக்கார அம்மாள் ஒன்றும் கேட்கவில்லையாம். டீ போட்டுக் கொடுத்தாளாம். நீலக் கோட்டு ஆணியிலேயே தொங்கியதாம். ஏன் திரும்பவும் வேலைக்குப் போகவில்லை என்றேன். திருச்சியில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்றே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் போனில், இன்னும் அங்க போறியாம்மா என்று கேட்பாரே, எப்படிப் போவது என்றாள். கடை அடுத்த வருடமே மூடிவிட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மா வந்து ஹாரன் அடித்தாள்.

நான் அன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. காரில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

சித்தி நொந்து நூலாகிக் கிடக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு வருடம் கழித்து அவளுக்கு கிரீன் கார்டு வந்தது. இப்போது ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். கார் ஓட்டுகிறாள். உங்களில் சிலர் அங்கே பல்லைக் காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அவள் குரல் வாசலில் நிற்பவருக்குக் கேட்கும்படி எழுந்து நான் பிறகு கேட்டதில்லை.

போன மாதம் அப்பாவின் ரிடையர்மென்ட் விருந்தில் நீங்களும் இருந்தீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா வழக்கமான கதையை ஆரம்பித்தாள். அத்துவானக் காட்டில் மாட்டிக்கொண்டிருந்த தன் தங்கையை மீட்டுக்கொண்டு வந்த கதை. நீங்கள் இதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பீர்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போன இடத்தில் எல்லோரும் சிரித்தீர்கள். சித்தி டம்ளர்களில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைக் காட்டினாள்.

"இவதான் கண்ணால பார்த்தா. பதினோரு வயசு. இவ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. கேளுங்க."

நீங்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் ஆமாம் என்றேன். சித்தி ரசத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் என் கையில் கொடுத்தாள்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறாய், எங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும் என்று கேட்பீர்கள். நான் ஆறு வயதுவரை திருச்சியில் படித்தவள்; பிறகு விடாமல் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு வேண்டுமானால் ஆங்கிலத்தில் சொல்கிறேன். தமிழில் எழுதியது, எங்கள் வீட்டில் இதை ஒருத்தி வரி விடாமல் வாசிப்பாள் என்பதால்தான். நேரில் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் வாய் வரவில்லை.

அம்மா, அந்தக் கடையில் சித்தியை யாரும் வற்புறுத்தவில்லை. அவள் அழவும் இல்லை. அவளை நான் பார்த்ததிலேயே சந்தோஷமாக இருந்த இடம் அதுதான்.